அக்காவுக்கு உரிமை இல்லை என்று ஒரு கடிதம்

இங்கிலாந்தில், கவென்ட்ரியில் எனக்கு ஐந்து மாதம் ஒரு வக்கீல் இருந்தார். அவர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெயர் அலிசன். இங்கே வீடு வாங்குவதானால் சொலிசிட்டர் என்கிற இந்த வகை வக்கீல் இல்லாமல் ஒரு செங்கல்லும் கைமாறாது. மின்னஞ்சலில் வருவார், மின்னஞ்சலிலேயே போய்விடுவார். நான் வாங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் எங்கள் தெருமுனைக் கடைக்குத்தான் பால் வாங்க வருவார். ஒரு நாள் அவரிடம், "குளியலறைச் சுவரில் ஈரம் இருக்கிறதே, என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் கலவரமாகிவிட்டார். "வக்கீல் மூலமாகக் கேளுங்கள்" என்று சொல்லி, பாலை அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அந்தக் கேள்வி என் வக்கீலிடமிருந்து அவர் வக்கீலுக்குப் போய், அங்கிருந்து அவருக்குப் போய், பதில் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. தெரியவில்லை என்பதுதான் பதில். இங்கே வந்து வீடு தேடி அலுத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் இருந்து படிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வக்கீலுக்கு முகம் உண்டு, அதில் எப்போதும் ஒரு கேள்வியும் உண்டு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பூட்டிக் கிடந்த வீட்டை விற்க, இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டேன், அந்த ஊர்க் குளிரில் எப்படித் தலைக்குக் குளிக்கிறோம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் மூலப்பத்திரத்தைப் பிரித்தார். விற்பனைப் பத்திரத்தை மட்டும் அவரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து விழவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் சட்டம் என்றால் அவ்வளவுதான்.

என் பக்கத்து நாற்காலியில் எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தாள். அத்திப்பட்டில் இருக்கிறாள், அவள் கணவர் அங்கே அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலை வேலைக்குச் சேர்ந்து கட்டிய அந்த வீடுதான் எங்கள் வம்சத்தில் முதல் கல்வீடு. சுவர் எழும்பிய நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி அதை நனைத்தவள் அக்கா. நான் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தேன். சட்டப்படி ஆளுக்குப் பாதி.

"உன் பங்க இன்னாம்மா பண்ணப் போற?" என்று வக்கீல் அக்காவைக் கேட்டார்.

"தம்பிக்குத்தான் சார். அங்க ஊடு வாங்கப் போறான்."

"நல்லா ரோசன பண்ணிக்கினியா?"

"இதுல ரோசன பண்ண இன்னா கீது சார்? இந்த ஊடு போச்சுன்னா எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு வேணாமா? இனிமே அவன் வாங்குற ஊடுதான் அது."

வக்கீல், "அதுவும் கரெக்ட்டுதான்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பங்கை விட்டுக்கொடுப்பது ஏமாளித்தனத்தால் அல்ல. காகிதத்தில் விட்டுவிட்டால் கதவு என்றைக்கும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. வேண்டாம் அக்கா என்று நான் ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கவென்ட்ரிக்குத் திரும்பி வந்து வங்கிக் கணக்கின் நகல்களை அனுப்பியதும், அலிசன் அக்காவின் பெயரைப் பிடித்துக்கொண்டார். யார் இவர், ஏன் உங்களுக்குப் பணம் அனுப்பினார்? சொன்னேன். அப்படியானால் அவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். இது அன்பளிப்பு, அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, ஒரு நாளும் கோரமாட்டேன், அங்கே குடியிருக்க மாட்டேன் என்று அக்கா எழுதித்தர வேண்டும். கடன் தரும் வங்கியின் விதி அது. வாசகத்தை அவரே ஆங்கிலத்தில் அனுப்பினார். நான் கணினியிலேயே அதில் ஒரு பெருக்கல் குறி போட்டு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு என்றேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. மறுநாளே கையெழுத்து வந்துவிட்டது.

அலிசனுக்கு அது போதவில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு விஷயம் புரிந்திருக்கிறதா என்று வீடியோ அழைப்பில் கேட்க வேண்டுமாம். மொழிபெயர்க்க ஆள் உண்டு. நான் மட்டும் அந்த அழைப்பில் இருக்கக்கூடாது. அழைப்பு முடிந்த கையோடு அக்கா எனக்குப் பேசினாள். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"முடிச்சிட்டேன்டா. ஒரு வெள்ளக்காரம்மா, ஒரு சிலோன்காரம்மா. தம்பி ஊட்ல உங்களுக்கு ஒரு உரிமையும் இல்ல, வெளங்குதான்னு கேக்குது அந்தம்மா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு இல்லாத உரிமையாம்மா, என் தம்பி ஊடு என் ஊடு, நான் போய் நின்னா கதவத் தொறக்காம பூடுவானா, வயசான காலத்துல அங்கதான் குந்திக்கினு கஞ்சி குடிப்பேன்னு நல்லா சொல்ட்டேன். உனுக்கும் ஒரு கவுரவமா இருக்கட்டும்னுதான்."

சிலோன்காரம்மா நேர்மையான மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. மாலையில் அலிசனின் மின்னஞ்சல் வந்தது: பணம் தந்தவர் வீடு தன்னுடையது என்கிறார், முதுமையில் அங்கே குடியிருக்கப் போவதாகவும் சொல்கிறார், இந்நிலையில் மேலே போக முடியாது. முதல் தடவையாக அவருக்குப் போன் செய்தேன்.

"அது அன்பினால் சொல்வது, எங்கள் வழக்கம்" என்றேன்.

"சரி. அப்படியானால் அவர் அங்கே வந்து தங்கமாட்டார்?"

"வருவார். அதாவது, வரமாட்டார்."

"இரண்டில் எதை எழுதிக்கொள்ளட்டும்?" குரலில் கோபமில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. வியாழக்கிழமை இன்னொரு முறை கேட்பதாகவும், அன்றும் இதே பதில் வந்தால் வங்கிக்குத் தெரிவிப்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். வாடகை வீட்டைக் காலி செய்ய எங்களுக்கு ஒரு மாதக் கெடு. பால் வாங்க வருகிற வீட்டுக்காரருக்கோ வீட்டை வாங்க வேறு ஆள் தயாராக இருந்தார். இந்த வீடு போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"கா, அப்டி சொல்லக்கூடாதுக்கா. உரிமை இல்லன்னு சொல்லணும். வந்து இருக்க மாட்டேன்னும் சொல்லணும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

அவள் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"பொய்யின்னா சொல்லிடறேன்டா. உனக்காக அப்பாகிட்ட எத்தினி பொய் சொல்லிக்கிறேன். பொய் இல்லன்றியே, அதான் பேஜாரா கீது."

குடியேற்றச் சட்டம், விசா, இரண்டே அறைகள் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அந்தக் கடிதத்தில் இருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வியாழக்கிழமை அக்கா சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். 'மிகத் தெளிவாகப் பதிலளித்தார்' என்று அலிசன் பாராட்டி எழுதியிருந்தார். அன்று அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. வாராவாரம் பேசுகிற ஞாயிற்றுக்கிழமையும் செய்யவில்லை.

வீடு எங்களுடையதாகி இரண்டு மாதமாகிறது. குளியலறை ஈரம் அப்படியே இருக்கிறது, காரணம் எனக்கும் தெரியவில்லை. வீட்டோடு மூன்று சாவிகள் கொடுத்தார்கள். ஒன்று எனக்கு, ஒன்று மனைவிக்கு. மூன்றாவதை, விடுப்பில் ஊத்துக்கோட்டைக்குப் போன நண்பரிடம் கொடுத்து அக்காவிடம் சேர்க்கச் சொன்னேன். சாவி போய்ச் சேர்ந்த அன்று அவளே வீடியோவில் வந்தாள். "இத்த வச்சிக்கினு நான் இன்னாடா பண்றது?" என்றாள். எப்போது வந்தாலும் நீயே திறந்துகொண்டு உள்ளே வா அக்கா என்றேன். விசாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனைப் பிடித்தபடியே நடந்துபோய் வாசல் நிலையருகே ஒரு ஆணியில் மாட்டினாள். கும்மிடிப்பூண்டி வீடு பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அதன் சாவி தொங்கியது அந்த ஆணியில்தான். இப்போது எனக்கு ஊரில் எந்தக் கதவுக்கும் சாவி இல்லை. கவென்ட்ரியில் ஒரு கதவுக்கான சாவி அத்திப்பட்டில் தொங்குகிறது. அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டேய், இது என்கிட்ட கீதுன்னு அந்த வக்கீலம்மாவுக்குத் தெரிஞ்சா, உனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"