வேலி தாண்டி வந்த தெம்பே

மணமாகி மலாயாவில் கிள்ளானுக்கு வந்த இரண்டாவது வருஷம் மலேரியா என்னை உருக்கிவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு திரும்பவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. ஒருநாள் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டி அங்கேயே விழுந்துவிட்டேன்.

என் கணவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் தமிழர்தான். கண் இமையை இழுத்துப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினார்.

"வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டா சதை எங்கேருந்து வரும்? முட்டை குடுங்க. ஆட்டுக்கால் சூப் குடுங்க."

"நாங்க சைவம், டாக்டர்."

"அப்போ தைப்பூசம் வரைக்கும் பார்ப்போம். இப்படியே இருந்தா கப்பல் ஏத்தி அப்பா வீட்டுக்கு அனுப்பிடுங்க. இந்த ஊர் எல்லாருக்கும் ஒத்துக்காது."

இப்போது பத்திரிகையைத் திறந்தால் புரதம், புரதம் என்கிறார்கள். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது. சதை பிடிக்கிற சாப்பாடு, அவ்வளவுதான்.

கப்பல் என்ற சொல்தான் என்னைக் கலக்கியது. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து உடம்பு தேற ஊருக்குப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளை மறுபடி அழைத்துக்கொள்வதை அவள் புருஷன் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் மாட்டிவைத்துப் போன கண்ணாடி அந்த வீட்டுச் சுவரில் அப்படியே தொங்கியது. என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. தெரிந்தும் பயந்தேன்.

முதலில் முட்டையைத்தான் முயன்றோம். அவரே வாங்கி, பேப்பரில் சுற்றி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே கொண்டுவந்தார். பாலில் அடித்துக் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கொல்லைக்கு ஓடுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"விடு, இது நமக்கு ஆகாது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதன் பிறகு என் பாட்டுக்கு ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை வயிற்றைப் பானையாக உப்பவைத்தது. வேர்க்கடலை பித்தத்தைக் கிளப்பியது. பால்காரர் ஊற்றிய பாலில் பாதி தண்ணீர். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தின்று புண்ணாகிப் போன வயிற்றில் பாசிப்பயறுக் கஞ்சி ஒன்றுதான் தங்கியது. அதையும் மூன்று வேளை எப்படிக் குடிப்பது?

குவார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாவாக்காரக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளை மக்சிக் என்று கூப்பிடுவேன். நம்மில் அத்தை என்பது மாதிரி. நான் விழுந்ததை அவர் பார்த்திருந்தார். ஒருநாள் பிற்பகல் வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டி, "மக்கான், மக்கான்" என்றார். சாப்பிடு என்று அர்த்தம்.

தட்டில் மஞ்சள் தடவிப் பொன்னிறமாக வறுத்த வில்லைகள். ஒன்றைக் கடித்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருந்தது. நின்றபடியே தின்றுகொண்டிருந்தவள், என் கணவருக்கு இரண்டு துண்டாவது வைக்க வேண்டுமே என்று நினைவு வந்துதான் நிறுத்தினேன்.

சாயங்காலம் அவர் ஒரு வாய் கடித்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"இது மீனா?"

என்ன என்று நான் கேட்கவே இல்லை. மீன் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே இது மீன் இல்லை என்று சொல்ல முடியும்? அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை வேலியோரம் கூட்டிப்போய், மக்சிக்கை அழைத்து, தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். "இக்கானா?" இக்கான் என்றால் மீன்.

"புக்கான்!" இல்லவே இல்லை என்று மக்சிக் தலையை ஆட்டினார். "காச்சாங். தெம்பே."

காச்சாங் என்றால் பயறு. எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவர் உள்ளே போய் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கட்டி, மேலெல்லாம் பஞ்சு பூத்த மாதிரி.

"ஐயையோ, பூஞ்சை புடிச்சதையா தின்னே?" என்றார் என் கணவர்.

தமிழ் புரியாவிட்டாலும் அவர் முகம் புரிந்திருக்கும். மக்சிக் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களைத் தம் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே பாயில் தோல் நீக்கி வேகவைத்த சோயாப் பயறு ஆறிக்கொண்டிருந்தது. பழைய தெம்பேயில் கொஞ்சம் எடுத்து அதில் உதிர்த்துக் கலந்து, இலையில் மடித்துக் காட்டினார். அந்த வெள்ளை தானாகப் பிடித்ததில்லை, வேண்டுமென்றே பிடிக்கவைப்பது. வறுத்த துண்டுகளை அவர் பிள்ளைகள் சோற்றோடு தின்றுகொண்டிருந்தார்கள். இதைத் தின்றுதான் தம் புருஷன் மண் வெட்டுகிறார் என்று கையை மடக்கி, புஜத்தைத் தட்டிக் காட்டினார்.

நம்பினோம், ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை. மறுநாள் காலை கண் விழித்ததும் முதலில் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தேன். உப்பவில்லை, வலிக்கவில்லை. வேறு ஏதோ பண்ணியது. அது என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னங்க, எனக்குப் பசிக்குது."

அவர் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பிச் சிரித்தார்.

அப்புறம் தெம்பே எங்கள் சமையலுக்குள் வந்துவிட்டது. கத்தரிக்காய்க்குப் பதில் புளிக்குழம்பில் போட்டேன். மிளகு தூவி வறுத்தேன். காலையில் பயறுக் கஞ்சி, மத்தியானம் தெம்பே. பதிலுக்கு நான் சுட்டுக் கொடுத்த உளுந்து வடையை மக்சிக் முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் போலவே சந்தேகத்தோடு கடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கூட்ஸ் ஷெட்டில், ரப்பர் கட்டுகளை நிறுக்கும் தராசு மேடையில் என் கணவர் என்னை ஏற்றினார். நான் விழுந்த வாரமும் அங்கே எடை பார்த்திருந்தார். அன்று எடைக்கல்லைப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்த்தினார். இந்த முறை முன்னுக்குத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். எத்தனை என்று சொல்லவில்லை. வெட்டவெளியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏறிடுச்சு" என்றார்.

தைப்பூசம் கழிந்து டாக்டரிடம் போனோம். இமையை இழுத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"முட்டையா, சூப்பா?"

"தெம்பே, டாக்டர்" என்றேன். இம்முறை நானே பேசினேன்.

"ஜாவாக்காரங்க சாப்பிடுறதா? சரிதான், விடாம சாப்பிடும்மா. கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"கப்பல் கம்பெனியில போன மாசமே விசாரிச்சு வச்சிருந்தேன்" என்றார். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ போயிட்டா அந்த வீட்டுல நான் மட்டும் என்ன பண்றது?"

இத்தனை நாளும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாசார் சந்தைப் பக்கம் ஒரு கடையில் இரண்டு கிளாஸ் டீ வாங்கினார். அவர் தம் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போகுது, குடியுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.