மஞ்சள் போட்டுக் கழுவிய வான்கோழி

“இவ வாயத் தொறக்கவே மாட்டேங்கறா. இந்த ஊரு ஸ்கூல்ல எங்க போயி படிச்சு முன்னுக்கு வரப்போறா?” என்று அத்தை அம்மாவிடம் சொன்னபோது, நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்காத பெண்ணுக்குக் காதும் கிடையாது என்று அத்தை நினைத்துவிட்டாள்.

விருதுநகரிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அமெரிக்காவின் சுகர் லேண்டுக்கு வந்து இறங்கிய வருடம் அது. அத்தை, அப்பாவின் அக்கா. அவள் சிட்டிசன் ஆகித் தம்பிக்காக மனுப்போட்டு, அந்த மனு எங்கேயோ பல வருடம் தூங்கி எழுந்து, ஒருவழியாக எங்களுக்கு கிரீன் கார்டு கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. தனியாக வீடு பார்க்கும்வரை அத்தை வீட்டு மாடியறையில் இருந்தோம். அப்பா எட்டாவதோடு நிறுத்திவிட்டு எண்ணெய்க் கிட்டங்கியில் டின் ஏற்றி இறக்கியவர். அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டில் முதலில் காலேஜில் படித்தவள் நான்தான் என்று இப்போது போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

அத்தைக்கு ஒரு மகள். என் வயதுதான். அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதை வரிசையாகச் சொன்னால் பொழுது போதாது. அறைக் கதவில் மர எழுத்துகளில் அவள் பெயர் இருந்தது. அத்தை ஊட்டிவிடப் போனால் “ஐ’ம் குட்” என்று தட்டை நகர்த்துவாள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டிருப்பாள். தமிழில் கேட்டதற்கு அவள் இங்கிலீஷில் பதில் சொன்னால் செல்லம். இங்கிலீஷில் கேட்டதற்கு நான் பேசாமல் நின்றால் மக்கு. ஆனால் என் வயிறு உண்மையாகவே பற்றி எரிந்தது ஒரு விசிலுக்காக. அதுவும் ஒரு வான்கோழியால் வந்தது.

மாமாவுக்குப் பெட்ரோலிய எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி இன்ஜினியர் வேலை. வேலையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வருகிறவர் இல்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற இறங்க வேண்டும். காரை எப்போதும் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார். ஆபத்து வந்தால் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாமாம். அப்படிப்பட்டவர் அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒரு முழு வான்கோழியை எண்ணெயில் பொரிப்பது என்று முடிவுசெய்தார்.

“ஓவன்ல வச்சுத் தொலைங்களேன்” என்றாள் அத்தை.

“எல்லாரும் ஓவன்ல வைக்கிறாங்க. சேஃப்பா பொரிக்கிறது எப்படின்னு நான் காட்டறேன்.”

முதலில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத வான்கோழியைப் பெரிய பானைக்குள் இறக்கித் தண்ணீர் ஊற்றினார். அது மூழ்கியதும் வெளியே எடுத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் பானையின் உள்பக்கம் ஒரு கோடு கீறினார். எண்ணெய் அந்தக் கோட்டுக்கு மேல் போகக் கூடாது, போனால் வான்கோழி இறங்கும்போது பொங்கி வெளியே வரும் என்றார். பிறகு பானையை ஈரம் போகத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். வான்கோழியின் பனிக்கட்டி முழுதும் இளகியபின் அதையும் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்து, தோல் காய்வதற்காக ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தார். இதையெல்லாம் அப்பா கைகட்டி நின்று பார்த்தார்.

“ஒத்தக் கோழிக்கா மாமா இம்புட்டு எண்ணெய்? எங்கூர்ல இத வச்சு ஒரு நாள் பூரா பரோட்டாக் கடை நடத்திருவாங்க.”

“இது கோழி இல்ல மச்சான். ப்ராஜெக்ட்.”

பண்டிகையன்று காலை, வீட்டுமுன் கார் விடும் டிரைவ்வேயில் மீட்டிங் நடந்தது. வீட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, சமதளமான இடத்தில் அடுப்பு. அதைச் சுற்றிச் சாக்பீஸால் பெரிய வட்டம். வட்டத்துக்குள் மாமா தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அப்பா கையில் தீயணைக்கும் சிவப்பு எக்ஸ்டிங்விஷரைக் கொடுத்தார். அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டார். மகளைக் கூப்பிட்டு, முழங்கால்வரை தொங்கிய ஆரஞ்சு நிறக் கம்பெனிச் சட்டையை மாட்டிவிட்டார். கழுத்தில் ஒரு விசில். வெள்ளிபோலப் பளபளத்தது.

“யாருக்கு என்ன டவுட் வந்தாலும் ஸ்டாப் சொல்லலாம். பெரியவங்க, சின்னவங்க வித்தியாசம் கிடையாது. விசில் ஊதுனா வேலை நிக்கும். நிறுத்துனவங்கள யாரும் திட்டக் கூடாது. இதுதான் எங்க கம்பெனி ரூல்.” பிறகு, விட்டுப்போன ஒரு சாமானைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பேப்பர் டவல் உருளையை எடுத்து என் கையில் வைத்தார். “நீ இதப் புடிச்சுக்கோ செல்லம்.”

பேப்பர் டவல்!

“சரி சொல்லுங்க, காய்ஞ்ச எண்ணெயில தண்ணி பட்டா என்ன ஆகும்?”

“பூம்!” என்று கைகளை விரித்தாள் அத்தை மகள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தெரியும். எண்ணெய்க்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? ஈரக் கரண்டியைச் சட்டியில் விட்டதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருந்தது. ஆனால் என் வாய் திறப்பதற்குள் அவளுடைய பூம் முடிந்துபோயிற்று. அந்த விசில் வெயிலில் மின்னுவதைப் பார்க்கச் சகிக்காமல், உருளையோடு வீட்டுக்குள் போய்விட்டேன்.

சமையலறையில் அம்மா மட்டும் இருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்த வான்கோழி, தட்டிலிருந்து சிங்குக்கு வந்திருந்தது.

“இதப் பாருடி, கழுவாமக்கூட வச்சிருக்காக. வெள்ளவெளேர்னு செத்த பொணமாட்டம். இதப் போயி எப்படித் திங்கிறது?”

மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தாள். வயிற்றுக்குள் தண்ணீர் பிடித்து அலசினாள். கழுத்துத் தோலை அழகாக மடித்து உள்ளே செருகினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அங்கே அடுப்பு பொத்தானில் எரிந்தது. பாத்திரத்தை மெஷின் கழுவியது. அம்மா எதைத் தொட்டாலும் “நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்” என்பாள் அத்தை. இப்போது அம்மாவின் கை பழைய வேகத்தில் ஓடியது. நான் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கேட்ட பூம் என் தலைக்குள் வரவே இல்லை. பொறாமை அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒருமுறை தண்ணீர் ஓட்டிவிட்டு, வான்கோழியைத் தட்டில் வைத்து அலுமினியத் தாளால் மூடினாள். அத்தை வந்து, திறந்து பார்க்காமல் வெளியே தூக்கிக்கொண்டு போனாள். உருளையோடு நானும் பின்னால் போனேன்.

மாமா தாளை விலக்கினார். “மசாலா வேற தடவியிருக்கா? பரவால்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கம்பியில் மாட்டினார். அத்தை மகள் தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்து “த்ரீ ஃபிஃப்டி!” என்று கத்தினாள். மாமா அடுப்பை அணைத்தார்; இறக்கும்போது நெருப்பு இருக்கக் கூடாதாம். நீளக் கையுறைகளோடு வான்கோழியைத் தூக்கினார். வட்டத்தை நோக்கி நடந்தார்.

சாக்பீஸ் கோட்டின்மேல் ஒரு மஞ்சள் சொட்டு விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசில் வைத்திருந்தவள் அத்தையின் ஃபோனுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். கராஜ் வாசலில் அம்மா, கைகளை முந்தானையில் துடைத்தபடி. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் அந்தக் கைகளைப் பார்ப்பார்கள். திறக்காவிட்டால் அந்த எண்ணெய்.

“ஸ்டாப்!”

அந்த வீட்டில் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அது. மாமா அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து வட்டத்தை விட்டு வெளியே வந்தார்.

“யாரு சொன்னது?”

“நாந்தான் மாமா. உள்ள தண்ணி இருக்கு.”

வான்கோழியைச் சாய்த்தார். வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் குபுகுபுவென்று சிமென்டில் கொட்டி, சரிவில் ஓடியது. எரியாத நெருப்பைப் பார்த்து அப்பா எக்ஸ்டிங்விஷரை நீட்டினார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரு இதக் கழுவுனது?”

அம்மாவின் கைகள் முந்தானைக்குள் போயின. அப்போது அத்தை ஃபோனைத் தாழ்த்திவிட்டு முன்னால் வந்தாள்.

“நாந்தான் கழுவுனேன். கழுவாத கறிய எவ திம்பா?”

“நேத்தெல்லாம் தலபாடா அடிச்சுக்கிட்டேனே, ட்ரையா இருக்கணும்னு!”

“மறந்துபோச்சு. இப்ப என்னங்கறீங்க?”

“என்னங்கறேனா? வீடே போயிருக்கும்டி!”

“போகலைல்ல? அப்புறம் என்ன, மைக்கப் புடிச்சுக்கிட்டு?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பெரிய வீடு அவர்களுக்கு. கதவில் பெயர் அவர்களுக்கு. விசில் அவர்களுக்கு. எங்கள் அம்மா தன் கையால் இந்த வீட்டில் செய்தது ஒரே ஒரு காரியம். அதையும் அத்தை தனதென்று எடுத்துக்கொள்கிறாளே! தப்பாகவே இருக்கட்டும், எங்கள் தப்பு இல்லையா அது?

“அத்தை பொய் சொல்—”

முழங்கைக்கு மேலே நறுக்கென்று ஒரு கிள்ளு. பின்னால் அம்மா. கையை விலக்கிப் பார்த்தால், என் தோலில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள். மாமா அந்த மஞ்சளைப் பார்த்தார். அம்மாவின் முந்தானையைப் பார்த்தார். சுத்தமாக இருந்த அத்தையின் கைகளையும் பார்த்தார்.

“பேப்பர் டவல் எங்க?” என்றார்.

என்னிடம்தான் இருந்தது. வான்கோழியின் வயிற்றுக்குள் என் கையை விட்டே துடைக்கச் சொன்னார். மஞ்சளும் ஈரமும் இல்லாமல் தாள் வெறும் தாளாக வெளியே வரும்வரை துடைத்தேன். உருளை முழுதும் தீர்ந்தது. எண்ணெயை மறுபடி காயவைத்து, அடுப்பை அணைத்து, மாமா வான்கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். எண்ணெய் இரைந்துகொண்டே ஏறி, பானையின் விளிம்பைத் தொடாமல் அடங்கியது.

“நிறுத்துனது யாரோ, விசில் அவங்களுக்கு” என்றார் மாமா. அத்தை மகள் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். “இட்ஸ் ஜஸ்ட் எ விசில்” என்றாள். உதடு துடித்தது. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்த நிமிடத்தை நான் ஆற அமர ரசித்திருக்க வேண்டும். முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மா, மொறுமொறுவென்று இருந்த முதல் துண்டை எடுத்து அத்தையின் தட்டில் வைத்தாள். எங்கள் பெயரைத் திருடியவளுக்கு முதல் துண்டு! அத்தை அதில் பாதியைப் பிய்த்து அம்மாவின் தட்டில் போட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அத்தைமேல் அந்த ஆத்திரத்தை நான் வருடக்கணக்கில் காப்பாற்றி வைத்திருந்தேன். தனி வீட்டுக்குப் போனபிறகும், பள்ளியில் வாய் திறந்து, திறந்த வாயை மூடாமல் கெமிக்கல் இன்ஜினியரிங்வரை படித்தபோதும், அது என்னோடு வந்தது. கல்லூரி விடுமுறையில் ஒருநாள், அம்மா, ஊரிலிருக்கும் சித்தியோடு ஃபோனில் அத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “எங்க அண்ணி அன்னைக்கு மட்டும் குறுக்க வரலைன்னா, அத்தன பேரு முன்னால நான் எங்கடி மூஞ்சிய வைப்பேன்? வந்த புதுசுல அவுகளுக்கு யாரும் அப்படி வரலையாம். அதச் சொல்லித்தான் அழுதாக.” நான் கையில் வைத்திருந்த காபி ஆறிப்போயிற்று.

இப்போது நான் இன்னொரு கம்பெனியில் மாமா பார்த்த அதே வேலையைப் பார்க்கிறேன். ஸ்டாப் சொல்வதற்குச் சம்பளம். இந்த வருடம் வான்கோழி எங்கள் வீட்டில். பானையில் கோடு கீறியாகிவிட்டது. வட்டத்துக்குச் சாக்பீஸ் வாங்கியாகிவிட்டது. அத்தை மகளும் வருகிறாள். அவளுக்குப் பேப்பர் டவல். விசிலைக் கொடுக்கும் அளவுக்கு என் மனம் இன்னும் விரியவில்லை.

அம்மாவிடம் கேட்காமலே நேற்று அத்தைக்கு ஃபோன் செய்தேன்.

“அத்தை, நீங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்துரணும். கழுவித் துடைச்சு ஃப்ரிட்ஜ்ல காய வைக்கணும். எங்க வீட்ல வான்கோழி கழுவறது நீங்கதானே?”

“மஞ்ச நான் கொண்டாரேன்” என்றாள் அத்தை. “ஒங்கம்மாவ சும்மா நிக்கச் சொல்லு.”