கடலில் போட்ட தையல் மிஷின்

சென்ற வாரம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், ஒரு கட்சி தன் கூட்டாளியை 'ஜெட்டிஸன்' செய்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கழற்றிவிட்டது என்று பொருளாம். கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் தலை நரைத்த எனக்கு, அந்த வினைச்சொல்லை இப்படி மலிவாக வீசுவது பிடிப்பதில்லை.

சிறு வயதில் அதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் அத்தை. தூத்துக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை.

"புயல்ல கப்பல் தாங்காதுன்னா, பாரத்தக் குறைக்கச் சரக்கக் கடல்ல போடுதாங்கல்லா, அதுதான். கதை எழுதுதவங்க, கதையில வாரவங்கள ஆசைய, கொள்கையக்கூட ஜெட்டிஸன் பண்ண வைப்பாங்க. ஆனா குப்பையப் போட்டா அந்தச் சொல்லு வராதுலே. வேணுங்கதத்தான் போடணும்."

வேண்டியதை எவன் போடுவான் என்று கேட்டேன்.

"மிச்சம் பொழைக்கணும்லா" என்றார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் படம் அத்தையின் அகராதிக்குள் இருந்தது. எந்தச் சொல்லைத் தேடினாலும் அந்தப் பக்கமே திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்த தையல் மிஷினை, தோணியின் தலைவராக, அதாவது தண்டலாக, இருந்த சித்தப்பா கொழும்பில் வாங்கித் தன் தோணியிலேயே ஏற்றி வந்தார். மாப்பிள்ளையின் அப்பாவுடைய கொப்பரை மூட்டைகளும் அதில்தான் வந்தன.

நடுக்கடலில் காற்று மாறியது. பாய் கிழிந்த தோணி ஒருவழியாகக் கரை சேர்ந்தபோது, சித்தப்பா வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஏளா, ஒம் மிஷினப் போட்டுட்டேன்."

அடுத்தவர் சரக்கைத் தொடுமுன் தண்டல் தன் வீட்டுச் சாமானைக் கடலில் போட வேண்டும். அது அவர்கள் வழக்கம். அதன்பின் சிலருடைய மூட்டைகள் போயின. கொப்பரையின் முறை வருவதற்குள் காற்று அடங்கிவிட்டது.

சாயங்காலம் மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்தார்கள். கொப்பரை நனையவில்லை என்றதும் பெரியவர் முகம் மலர்ந்தது. பிறகு மிஷினைக் கேட்டார். அது கடலில் போனதைச் சித்தப்பா சொன்னார்.

"அது உங்க வீட்டு நட்டம்லா. மிஷின் வரட்டும், பொறவு கோயில்ல கல்யாண ஓலை வாசிப்போம்" என்றார் பெரியவர். மாதா கோயில் பூசையில் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் ஓலை அது; அதை வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

பிழைத்த சரக்குக்காரர் போன சரக்கின் நட்டத்தில் பங்கு தர வேண்டும் என்பது கடல் சட்டம். அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை உள்ளிருந்து வந்தார். "மாமா, ஒங்க கொப்பரை பத்திரமா இருக்கு, எடுத்துட்டுப் போங்க. ஓலை வாசிக்க வேண்டாம்."

அம்மா கையிலிருந்த காப்பித் தட்டு சாய்ந்தது. "ஏளா" என்று சித்தப்பா எழுந்தார். எங்கள் தெருவில் ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் பின்னால் போனார்.

விளக்கு வைத்தபின் அத்தை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்கதான வேண்டாம்னீங்க. பொறவு எதுக்கு அழுவுதீங்க?"

'ஜெட்டிஸன்' என்ற சொல்லின் பொருளை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க மட்டும் தெரிந்த பையன் நான்.