கொப்பளிக்க ஒரு டம்ளர்

என் அடுக்களை அலமாரியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர் இருக்கிறது. விளிம்பில் விரிசல், அடியில் அழியாத மைக்கறை. அரூரில் நான் உதவியாளராக வேலை பார்த்த பல் டாக்டரம்மா, தன் மேசையில் இதில்தான் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார். அங்கே ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "கொப்பளிங்க" என்று நோயாளிகளிடம் சொல்வேன். என் சொந்த மகளிடம் ஆரம்பத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது ஏழு வயது. இழுப்பு. குழந்தை டாக்டர் காலையும் மாலையும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வாய் கொப்பளிக்கச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் மண்டையில் ஏறவில்லை. கசாயம் குடித்த வாயில் தண்ணீர் பட்டால் மருந்து முறிந்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உள்ளே போன மருந்தை யாராவது துப்புவார்களா? கசக்கிறது என்று பிள்ளை முகம் சுளித்தால் ஒரு வெல்லத்துண்டைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவேன். சில மாதங்களில் நாக்கில் வெள்ளை படிந்தது, இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாயின. காரச்சோறு தின்ன முடியாமல் அழுதாள். "வாயையே வேக வெக்குற மருந்து நெஞ்ச என்ன பண்ணும்? நிறுத்துடி" என்றார் என் வீட்டுக்காரர். நானும் நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் ஆயிற்றே, எனக்குத் தெரியாததா?

மருந்தை நிறுத்திய மூன்றாவது வாரம், பல்லைக் காட்ட அவளை வேலைக்குக் கூட்டிப்போனேன். மாடிப்படி பதினெட்டு. பாதியில் உட்கார்ந்துவிட்டாள், கழுத்துக்குழி உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. டாக்டரம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அவரே எங்களைக் குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனார். அங்கே மருந்து கொடுத்து மூச்சு சீரான பிறகுதான் டாக்டரம்மா அவள் வாயைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, இன்ஹேலர்ல பஃப் எடுத்ததும் என்ன பண்ணுவீங்க?"

"வெல்லம் குடுப்பேங்க மேடம்."

அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

"அக்கா, நாக்குல வெள்ளையா இருக்கறது மருந்து தங்குனதால வந்த பூஞ்சை. பல்லுல இருக்கறது வெல்லத்தைத் தின்னு கிருமி பண்ண வேலை. மூச்சும் இதே வாய் வழியாத்தான் போவுது. வாயில எந்தக் கிருமி இருந்தா கொழந்தைங்களுக்கு இழுப்பு சேர்ந்து வருதுன்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. கழுவுனா இழுப்பு போயிரும்னு நான் சொல்லல. அது தெரியற வரைக்கும் வாயைக் குப்பையா வெச்சிருக்கணுமாங்க?"

மறுநாள் பேனாக்களை மேசைமேல் கொட்டிவிட்டு, இந்த டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

இன்ஹேலரை மறுபடி ஆரம்பித்தோம். அன்று தொடங்கியது அவருடைய பிடிவாதம். தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் வரும். "கொப்பளிச்சாளா? துப்புனாளா? பல் வெளக்குனாளா?" மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. தன் நிச்சயதார்த்தத்தன்றுகூட மேளச் சத்தத்துக்கு நடுவே அதே கேள்வியைக் கத்திக் கேட்டார். முதலில் சிரித்த என் வீட்டுக்காரர், போகப்போக ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, "கேக்கறதுக்குள்ள துப்பும்மா" என்று மகளை விரட்ட ஆரம்பித்தார். நாக்கு வெளுப்பு போனது. சொத்தைப் பற்களையும் டாக்டரம்மாவே சரிசெய்தார். இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் அந்தப் படிகளில் அவள் மறுபடி உட்காரவில்லை. கல்யாணமாகி அவர் வேறு ஊருக்குப் போன பிறகு, ஏழு மணிக்கு அந்தக் கேள்வியை நான் கேட்க ஆரம்பித்தேன். அவரிடம் ஒழுங்காக நன்றி சொல்லாதது இன்றும் என்னை உறுத்துகிறது.

போன மாதம் மகள் சேலத்துக் கல்லூரிக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் பார்க்க, இன்ஹேலரை எடுத்து இழுத்தாள். பாட்டில் தண்ணீரில் கொப்பளித்து ஓரமாகத் துப்பினாள். அதற்குள் சேலம் பஸ் நகர்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பையில் வைக்க மறந்த டம்ளரோடு நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் ஏறிவிட்டாள். படியில் நின்று, "டம்ளர் வூட்டுலயே இருக்கட்டும்மா!" என்று ஒரே மூச்சில் கத்தினாள்.

மூச்சு வாங்கியது எனக்குத்தான்.