மூன்றாவது மணியும் ரோஜா மாலையும்

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், ஒற்றை வெல்டிங் மெஷினோடு தொடங்கிய கிரில் பட்டறை நான் கட்டியது. சேலையூரில் மாடி வீடு நான் கட்டியது. வெள்ளத்தில் பட்டறை முழுகி மெஷினெல்லாம் சேறாகி, பேங்குக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, அதே இடத்தில் மறுபடியும் எழுப்பியவனும் நான்தான். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் என் கைபட்ட கேட் ஒன்று நிற்கும்.

இந்த வரிசையில் இன்னொன்றும் சேர வேண்டும். இன்று டிவியில் காட்டுகிறார்களே, அந்தக் குத்துச்சண்டைக்காரி என் தங்கை மகள். அவளும் நான் கட்டியதுதான். அதை அவள் எங்கேயும் சொல்வதில்லை.

அவள் அப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். குன்றத்தூர் மலையில் என் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். மற்ற பிள்ளைகள் அழும். இவள் ஆசாரி மூக்கிலேயே ஒன்று வைத்தாள். “இன்னா சார் இது, பொண்ணா பயில்வானா?” என்றார் அவர். அன்று போட்ட தங்கக் கம்மல் தாய்மாமன் சீர். அவள் கை எப்படிப்பட்டது என்று முதலில் கண்டுகொண்டவனும் நான்தான்.

பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அவளைக் குத்துச்சண்டையில் சேர்த்துவிட்டார். பழகியது வெறும் மண்தரையில். முதல் போட்டியில் முதுகில் கயிறு உரசியதும் பாம்பு பட்டதுபோல் துள்ளினாள், தோற்றாள். ரிங்கையே பார்க்காத பெண் வேறு என்ன செய்வாள்? வந்த கேட் ஆர்டரையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, பட்டறையிலேயே ரிங் செய்தேன். கனமான பைப்பில் நாலு மூலைக்கம்பம், பலகைத் தளம், அதன்மேல் லாரி தார்ப்பாய். வழவழப்பாக இருக்கட்டுமென்று கயிற்றுக்குத் துணி சுற்றினேன். தங்கை வந்து புலம்பினாள்.

“அண்ணா, மூஞ்சி ஒடஞ்சா இவள எவன் கட்டிக்குவான்?”

“ஒடைக்கப்போறதே இவதான். நீ கம்முனு இரு.”

அதற்கப்புறம் ஜெயித்தாள். மாவட்டம், மாநிலம், வடக்கே வெளியூர்கள். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். ரிங்கில் நகை ஆகாது என்பதால், ஏறுமுன் கம்மலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள். மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் முடிய ஒரு மணி. மூன்றாவது மணி அடித்ததும் நான் ரோஜா மாலையோடு ஏறி நிற்பேன். தோற்றாலும் மாலை உண்டு. எங்கள் வழக்கம் அது.

மெடல்கள் வந்தன, வேலை வரவில்லை. அப்போதுதான் ஈசிஆர் பக்கத்திலிருந்து ஒரு மேனேஜர் வந்தான். இனி தொழில்முறை ஆட்டம், தலைக்கவசம் கிடையாது, சின்ன கிளவுஸ் என்றான். முதல் ஆட்டம் கோவளம் பக்கத்து மண்டபத்தில். கலர் விளக்கு, புகை, பாட்டு, கல்யாண ரிசப்ஷன் தோற்றது. அன்றும் கம்மலை என் கையில்தான் வைத்தாள்.

நன்றாக ஆடினாள். எதிராளிக்கு உதடு கிழிந்தது. மூன்றாவது மணி அடித்தது. நான் ஏறினேன், மாலையைப் போட்டேன்.

“மாமா, எறங்கு! இன்னும் ஒரு ரவுண்டு கீது!”

காசு ஆட்டத்தில் நாலு ரவுண்டாம். எனக்கு யார் சொன்னார்கள்? மாலை அறுந்து தளமெல்லாம் இதழ். கூட்டம் விசிலடித்தது. துடைப்பம் கொண்டுவந்து பெருக்கினார்கள். நடுவர் அவளுக்கு ஒரு புள்ளியை வெட்டினார். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் சமம் என்று முடிந்தது.

“யார்யா இந்த ஆளு? இன்னிமே உள்ள வுடாதீங்க” என்றான் மேனேஜர், என் முகத்துக்கு நேராக.

‘எங்க மாமா’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் பல்காப்பு இருந்தது, சரி. அப்புறம் கழற்றினாளே?

அன்றிலிருந்து வாசலைத் தாண்டி என்னை விடுவதில்லை. அவள் ஜெயித்துக்கொண்டே போகிறாள். போன மாதம் டிவியில் ஒருவன் கேட்டான், உங்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று. “யாரும் இல்ல சார், நானாத்தான் வந்தேன்” என்றாள். காதில் ஏதோ புதுக் கல் மின்னியது. மறுநாள் டீக்கடையில் பழைய கூட்டாளி விடவில்லை: “இன்னா நைனா, நீ யாருமே இல்லியாமே?” டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். தங்கையோ, “அவ பெரிய ஆளாயிட்டா, உட்டுடுண்ணா” என்கிறாள். எதை விடுவது?

ஒரு மாலையை முன்னாடி போட்டதற்காக ஒரு ரிங்கையே மறைக்க முடியுமா? குத்து அவளுடையது, ஒத்துக்கொள்கிறேன். கயிற்றுக்குப் பயப்படாமல் சாய்ந்து நிற்கிறாளே, அந்த முதுகு என் பட்டறையில் செய்தது. மைக் பிடிக்கிறவன் அவள் ஊரைச் சொல்கிறான், எடையைச் சொல்கிறான், நேற்று வந்த மேனேஜர் பெயரைச் சொல்கிறான். அதோடு இதையும் சொல்லட்டும்: இவள் தாம்பரம் கிரில் பட்டறைக்காரரின் தங்கை மகள், இவள் ஆடிய முதல் ரிங் அந்தத் தாய்மாமன் செய்தது. எனக்கு மேடை வேண்டாம், முன்வரிசை வேண்டாம், வாசலில் நின்றே கேட்டுக்கொள்கிறேன். கம்மல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லவைத்துவிட்டு, அவளே வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்.