கடற்கரை ரெண்டு எட்டுதான்

கொழுந்தன் ராமநாதபுரத்திலிருந்து போன் செய்து, "மதினி, தை மாசம் நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஒரு வாரம். எல்லாத் தீவையும் சுத்திப் பார்த்துடணும், பிளான் போட்டு வைங்க" என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்தால் பொங்கி வழிகிறது, துணியை ஊறவைத்தால் மறந்தே போகிறது. விருந்தாளி வருகிற சந்தோஷம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களைச் சாக்கு வைத்தாவது நானும் போய்ப் பார்த்துவிடலாமே என்கிற தவிப்பு.

கல்யாணமாகி அந்தமானில் இந்த ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரருக்குத் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பலில், இஞ்சின் ரூமில் வேலை. இன்றைக்கு ஹேவ்லாக், நாளைக்கு நீல், அடுத்த வாரம் டிக்லிப்பூர் என்று அவர் காலில் சக்கரம். நான் பார்த்த அந்தமான் என்னவென்றால் மார்க்கெட், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் ஸ்கூல், அப்புறம் சமையலறை ஜன்னலில் தெரிகிற, சென்னைப் பக்கம் போகிற மெயின்லேண்ட் கப்பல். மகனும் மகளும் இப்போது சென்னையில் படிக்கிறார்கள். அவர்களாவது ஸ்கூல் டூரில் ஹேவ்லாக்கைப் பார்த்துவிட்டார்கள். வைகாசியோடு அவருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவோம். அங்கே எல்லாரும், "அந்தமான்காரி வந்துட்டா, அந்தத் தீவு எப்படி, இந்தத் தீவு எப்படி" என்று சூழ்ந்துகொள்வார்கள். நான் என்ன சொல்ல? ஜன்னல் கம்பி நன்றாக இருந்தது என்றா? இந்தத் தை மாதத்தை விட்டால் விட்டதுதான். அதுவும் அவரோடு சேர்ந்து போக வேண்டும், அதுதான் என் ஆசை.

அவரிடம் கேட்டால் பதில் வருமா? இன்றைக்கு நேற்றா கேட்கிறேன்?

"ஹேவ்லாக்ல என்னங்க இருக்கு?"

"என்ன இருக்கு? தண்ணிதான்."

"டிக்லிப்பூர்ல?"

"மரம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இதே மனுஷரை லீவில் ஊருக்குப் போகும்போது பார்க்க வேண்டும். கல்யாண வீடோ காதுகுத்தோ, பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். மணல் பச்சரிசி மாவு மாதிரி இருக்குமாம். சாயங்காலம் கடல் முழுக்கக் குங்குமம் கரைத்தது போல ஆகுமாம். சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானும் சாம்பார் வாளியோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஊராருக்கு இப்படி அளந்து கொட்டுகிற வாய், கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் தண்ணி, மரம்! வயிறு எரியாதா?

போகட்டும் என்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நானே பிளான் போட்டேன். மெயின்லேண்ட்காரர்கள் போகிற டிக்கெட்டைத்தான் முதலில் தேடுவார்கள். தீவில் குடியிருக்கிறவர்கள் திரும்பி வருகிற டிக்கெட் கையில் வந்த பிறகுதான் போவதைப் பற்றியே பேசுவோம். காற்று மாறினால் கப்பல் கேன்சல், எங்கேயாவது மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான். அதனால் ஒரு நாளைச் சும்மா விட்டு வைத்தேன். ஹேவ்லாக், அங்கிருந்து நீல், திரும்பி வந்து பஸ்ஸில் ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஹார்பரில் கப்பல் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தேன்.

அவரிடம் காட்டினால் ஆயிரம் நொட்டை. கடல் சரியிருக்காது என்றார். டிக்கெட் கிடைக்காது என்றார். கடைசியில், "நீ வேணா அவங்களோட போயிட்டு வா. நான் டூட்டியில இருப்பேன்" என்றார்.

"ஏன், எங்களோட வந்தா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா? லீவு போடுங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே கொழுந்தன் மறுபடி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணே, நீங்க சொல்வீங்கல்ல, ஹேவ்லாக்ல சூரியன் எறங்குற பீச்சு, அது கப்பல் நிக்கிற எடத்துக்குப் பக்கமா? எங்க ரூம் போடுறதுன்னு பார்க்கணும்."

"எறங்கினா ரெண்டு எட்டு. நடந்தே போயிரலாம்" என்றார் இவர்.

மறுநாள் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் தம்பி ஹேவ்லாக்கில் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் கையிலிருந்த புடவையை அப்படியே வாளியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அரே தீதி, பைதல்? பாகல் ஹோ கயா க்யா?" நடந்தா போவார்கள், பைத்தியமா என்கிறாள். அந்த பீச் தீவின் அந்தக் கோடியில் இருக்கிறதாம். கப்பலை விட்டு இறங்கி, ஆட்டோவில் ஊரையெல்லாம் தாண்டிப் போக வேண்டுமாம்.

எனக்கு ஈரத்துணி கையிலேயே நின்றுவிட்டது. கணக்கில்லாத தடவை ஹேவ்லாக் போய் வந்த மனுஷருக்கு இது தெரியாதா?

சாயங்காலம் அவர் வந்து, கொல்லைப்பக்கக் குழாயடியில் சோப்புத்தூளைப் போட்டுக் கை கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"அந்த பீச்சை நீங்க பார்த்திருக்கீங்களா இல்லையா?"

தேய்த்துக்கொண்டே இருந்தார். நுரை கறுப்பாக ஓடியது.

"கேட்கிறேன்ல?"

"இல்ல."

"நீல்?"

"கப்பல் நிக்கிற நேரத்துல நான் இஞ்சினைப் பார்ப்பேனா, பீச்சைப் பார்ப்பேனா? எறங்கினா ஜெட்டி வாசல்ல ஒரு சமோசாக் கடை. அது வரைக்கும் போவேன். திரும்பி ஏறிருவேன்." இன்னும் கொஞ்சம் சோப்புத்தூளைக் கையில் கொட்டிக்கொண்டார். "பேசஞ்சருங்க பேசிக்கிறதைக் கேட்டு ஊர்ல சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல அவங்களும் கேட்டாங்க. தம்பி கெளம்பி வருவான்னு நான் கண்டேனா? அவன் பொண்டாட்டி முன்னாடி எனக்கு மானம் போகப் போகுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் இந்த ஜன்னலில் நின்று நான் வயிறெரிந்தது எதைப் பார்த்து? ஒரு சமோசாக் கடையைப் பார்த்தா? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் சுத்தமான கையையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். கத்த வரவில்லை.

"சரி, தம்பி வர்றதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு தடவை போயிட்டு வந்துடுவோம். எல்லாத்தையும் பார்த்து வெச்சுக்குங்க" என்றேன். முதல் முறையாகத் தலையாட்டினார்.

ஃபீனிக்ஸ் பே கப்பல் கவுண்டரில் முண்டியடித்து டிக்கெட் எடுத்தேன், திரும்புகிற டிக்கெட்டும் சேர்த்து. அன்றைக்கே போய் அன்றைக்கே வருவதாக ஏற்பாடு. போனது அவர் வேலை பார்க்கிற கப்பலிலேயேதான். "அரே பாயி, ஆஜ் ஆப் பேசஞ்சர்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள், இன்றைக்கு நீங்கள் பேசஞ்சரா என்று. மனுஷரால் சீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை ஊன்றி இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். "சத்தம் சரியில்லையே" என்று கீழே போனவர் வரவேயில்லை. வழி முழுக்க நான் தனியாகக் கடலைப் பார்த்தேன். இதற்கு என் ஜன்னலே போதுமே என்று அழுகை முட்டியது.

தீவு நெருங்கும்போதுதான் மேலே வந்து பக்கத்தில் நின்றார். "போய் உன் வீட்டுக்காரியோட நில்லுன்னு தொரத்திட்டானுங்க" என்றார். பிறகு, "கப்பலைக் கரையில கட்டுற நேரத்துல நான் மேல நின்னதே இல்ல" என்றார். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பெங்காலி அக்காவின் தம்பி ஆட்டோவோடு வந்திருந்தான். வழியெல்லாம் பாக்குத் தோப்பும் வாழையும். ஒரு இடத்தில் நெல்வயல் வந்தது. "ஏ, இங்க வயலெல்லாம் இருக்கு!" என்று என் தோளைத் தட்டினார். ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது. "உங்க ரெண்டு எட்டு ரொம்ப நீளம்" என்றேன். ஆட்டோக்காரனுக்குப் புரியவில்லை, அவருக்குப் புரிந்தது. சிரிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டார்.

பெரிய பெரிய மரங்களைத் தாண்டியதும் கடற்கரை. அவர் குனிந்து மணலை அள்ளி விரல்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். "மாவுதான்! நான் சொன்ன மாதிரியே இருக்கு பாரு!" பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையின் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். "ஊர்ல எல்லாருக்கும் இவ்வளவு சொன்னீங்க. என்கிட்ட ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

கால் விரலால் மணலைக் கிண்டினார். "அவங்களுக்குச் சொன்னது கதை. உன்கிட்ட எப்படிக் கதை விடுறது? நான் பார்த்தது தண்ணிதான். அதைத்தான் சொன்னேன்."

நானும் ஒரு கை மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டேன். அப்புறம் பழைய பதற்றம் தொற்றிக்கொண்டது. "கப்பலுக்கு நேரமாச்சு, எந்திரிங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "குங்குமம் கரைச்ச மாதிரி ஆகும்னும் சொல்லி வெச்சிருக்கேனே. அது மெய்யா பொய்யான்னு பார்க்க வேண்டாமா?"

தங்குவதற்கு ஆட்டோக்காரன் வீடு இருக்கிறது. திரும்புகிற டிக்கெட் என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. போனால் போகட்டும் என்று நானும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.