தந்த ஸ்தூபத்தின் முன் பெண் பார்த்தார்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை தட்டிக்கழித்துவிட்டுப் போன பிறகு, தெருவுக்குப் பதில் சொல்லியே அம்மா இளைத்துப்போனாள். அடுத்த வரனை வீட்டில் வைத்துக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தாள்.

“கோட்டைக்கு வரச் சொல்லலாம். சுத்திப் பாக்குற மாதிரி பாத்துக்கட்டும்” என்றார் நைனா.

“நல்லா சொன்னீங்க போங்க. அங்க டிக்கெட் குடுக்கிறதே உங்க சித்தப்பா மவன். சாயங்காலத்துக்குள்ள செஞ்சி பூரா தெரிஞ்சிடும்.”

மாப்பிள்ளைக்கு ஊர் வல்லம். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று பார்ப்பதற்காகப் பட்டணத்துக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு மியூசியத்தில் சந்திப்பதாக ஏற்பாடு.

பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவரையும் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். பெட்டிக்குள் யானைத் தந்தத்தில் செதுக்கிய சாஞ்சி ஸ்தூபம். கவிழ்த்த சட்டி போல மேடு, சுற்றிலும் வேலி, நாலு பக்கமும் தோரண வாசல். வாசல் தூண்களின் மேல் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன யானைகள். பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போனவருடைய நினைவுச் சின்னத்தின் முன்னால் கல்யாணம் பேச நிற்கிறோமே என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளத் தலையைக் குனிந்தேன். நல்ல அடக்கமான பெண் என்று மாப்பிள்ளையின் அம்மா அப்போது சொன்னாராம்.

“பிளாஸ்டிக்கா இது?” என்றார் மாப்பிள்ளை. என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“தந்தம்னு எழுதியிருக்குது பாருங்க.”

குனிந்து படித்தார். முகம் மாறியது. “அப்போ யானையக் கொன்னு, அந்தத் தந்தத்துலயே யானை செஞ்சிருக்காங்க. அதுவும் யாருக்கு? உயிரக் கொல்லாதீங்கன்னு சொன்னவருக்கு.”

“தானா செத்த யானையா இருக்கும்.”

“இருக்கும், இருக்கும். செதுக்குறவரு உளி எடுத்துட்டு வர்றதப் பாத்துட்டு செத்திருக்கும்.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “சத்தம் போடக் கூடாதும்மா” என்றார் காவலாளி. என் அடக்கம் அதோடு முடிந்தது. பெஞ்சில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்” என்று கும்பிட்டார்கள். முன்னே வந்தவர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒருவரையொருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆனால் கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு பஸ். அதில் ஆண்களுக்கு மிச்சமிருந்தது இரண்டு பேர் உட்காரும் ஒரு சீட். நைனாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராதவர்கள் போல வெகுதூரம் கண்ணாடியையே முறைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு யாரோ ஒருவர், இந்த வருஷம் மல்லாட்டை காயே பிடிக்கவில்லை என்று பெருமூச்சு விட்டார். வறுத்துத் தின்பதற்குக்கூடத் தேறாத அந்தக் கடலை விளைச்சல்தான் எனக்குக் கைகொடுத்தது. திண்டிவனத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இறங்கி டீ குடித்தார்கள். ஏறும்போது நைனாவின் தோளில் அவர் கை இருந்தது.

வல்லத்தில் இறங்கியவர், புறப்பட்ட பஸ்ஸின் ஜன்னலைத் தட்டிக் கத்தினார்: “சம்மந்தி! நல்ல நாள் பாத்துட்டு போன் பண்றேன்!”

பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். மொத்தப் பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என்னிடம் கேட்கவேண்டும் என்று நைனாவுக்குத் தோன்றியது. “உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?”

உளி என்று அவர் சொன்னபோதே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இருந்தாலும், “யோசிச்சி சொல்றேன்” என்றேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னை ஒரு வேலை ஏவவில்லை. டிவி ரிமோட்டைக்கூட நைனா என்னைக் கேட்டுத்தான் எடுத்தார். நானும் அவசரப்படாமல் நிதானமாக யோசித்தேன்.